கணினிக் கேள்வி–பதில்: வெளியூரில் பிரதி, கையில் சாவி

இந்த மாதம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, சொந்தக் கோப்புகளின் காப்புப் பிரதியை, அதாவது பேக்கப்பை, வீட்டுக்கு வெளியே வேறொரு கணினியில் பிறர் படிக்க முடியாதபடி வைப்பது எப்படி என்பதையே கேட்டிருந்தன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சில கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன். மற்றவை அடுத்த இதழில் வரும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், காவேரிப்பட்டணம்

கேள்வி: ஐயா, வணக்கம். இரு மாவட்டங்களிலும் உள்ள நடுகற்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்து வந்திருக்கிறேன். அவற்றோடு குடும்பப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதி, வங்கிக் கணக்கு விவரங்கள் என எல்லாமாகச் சேர்த்து 180 ஜி.பி. அளவுக்கு என் விண்டோஸ் கணினியின் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. 2024 வெள்ளத்துக்குப் பிறகு அதைப் பற்றிய அச்சம் எனக்கு நீங்கவில்லை. ஓசூரில் மகன் வீட்டில் பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. இணையம் வழியாக அதில் ஒரு பிரதி வைக்கலாமா? வேறு யாரும் திறந்து பார்க்க முடியாதபடி செய்ய முடியுமா?

பதில்: வைக்கலாம், விரைவில் வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது "ஒரே ஹார்ட் டிஸ்கில்" என்ற தொடர்தான். ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துச் சென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஒரு ஹார்ட் டிஸ்க் பாழாவதற்கு அவ்வளவு மழை வேண்டியதில்லை. மின்னழுத்தம் ஒரு முறை எகிறினாலோ, மேசையிலிருந்து ஒரு முறை கீழே விழுந்தாலோ போதும். நடுகற்களின் படங்கள் மறுபடி எடுக்கக் கூடியவையும் அல்ல. வயலோரம் நின்ற கல் பெயர்க்கப்பட்டிருக்கும், எழுத்து தேய்ந்திருக்கும். நீங்கள் அன்று எடுத்த படமே அதற்கு எஞ்சிய சான்றாக இருக்கக்கூடும்.

உங்கள் கோப்புகளில் இரண்டு வகை கலந்திருப்பதை முதலில் கவனியுங்கள். பட்டா, சிட்டா போன்றவற்றை அரசின் இணையச் சேவையிலிருந்தும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்திலிருந்தும் மறுபடி பெறலாம். டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு நிகராக ஏற்கப்படுகின்றன. ஆகவே ஆவணங்களைப் பொறுத்தவரை தொலைந்துபோவதைவிடப் பிறர் கையில் சிக்குவதே பெரிய ஆபத்து. படங்களுக்கோ தொலைந்துபோவதுதான் ஆபத்து. இரண்டும் ஒரே பிரதிக்குள் போகப் போவதால் அந்தப் பிரதி அழியாமலும் இருக்க வேண்டும், பிறர் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும்.

அழியாமைக்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்த 3-2-1 என்ற கணக்கு இன்றும் பொருந்துகிறது. கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும், அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் இப்போது பயன்படுத்தும் டிஸ்க் ஒன்று. புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி வீட்டிலேயே ஒரு பிரதி வைப்பது இரண்டாவது. ஓசூர்க் கணினி மூன்றாவது. காவேரிப்பட்டணத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணையே ஓசூர்ப் பக்கமும் ஓடுகிறது என்பதால், மகன் வீட்டில் அந்தக் கணினியைத் தரைத்தளத்தில் வைக்காமல் மாடியில் வைக்கச் சொல்லுங்கள்.

மறைவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஓசூர்க் கணினியின் டிஸ்க் முழுவதையும் மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன், செய்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பூட்டு கணினி அணைந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். இயங்கிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் திறந்தே இருக்கும். அந்தக் கணினியை நிர்வகிப்பவரும், அதற்குள் எப்படியோ நுழைந்தவரும் எல்லாவற்றையும் படிக்கலாம். காப்புப் பிரதிக்கான கணினியோ இரவு பகலாக இயங்க வேண்டியது. எனவே கோப்புகள் உங்கள் வீட்டுக் கணினியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே மறையாக்கம் செய்யப்பட வேண்டும், திறக்கும் சாவியான கடவுச்சொல் ஓசூருக்குப் போகவே கூடாது. ஊருக்குப் போகும்போது நகைப் பெட்டியைப் பூட்டி உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போவார்களே, அதே முறைதான் இது. மகனை நம்பாததால் இப்படிச் சொல்லவில்லை. அந்தக் கணினி என்றாவது பழுதுபார்க்கப் போகும், அல்லது பழைய விலைக்கு விற்கப்பட்டு பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஏதோ ஒரு கடைக்குப் போய்ச் சேரும். அன்று அதில் உங்கள் வீட்டுப் பத்திரம் படிக்கும்படி இருக்கக் கூடாது.

இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்களில் ரெஸ்டிக், போர்க் ஆகிய இரண்டும் நன்கு பயன்பட்டுத் தேறியவை. போர்க் விண்டோஸில் நேரடியாக இயங்காது. ரெஸ்டிக் விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். உங்கள் கணினி விண்டோஸ் என்று எழுதியிருப்பதால் ரெஸ்டிக்கையே பரிந்துரைக்கிறேன். அது ஒவ்வொரு கோப்பையும் 512 கிலோபைட்டிலிருந்து 8 மெகாபைட் வரையுள்ள துண்டுகளாக வெட்டுகிறது. ஏற்கெனவே அனுப்பிய துண்டு மறுபடி வந்தால் அதை விட்டுவிடுகிறது. புதியவற்றை ஏ.இ.எஸ். 256 முறையில் மறையாக்கம் செய்து, இடையில் யாராவது திருத்தினால் தெரிந்துவிடும்படி ஒரு முத்திரையும் இட்டு அனுப்புகிறது. ஏ.இ.எஸ். என்பது பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வகுத்து, 2001இல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் ஏற்றுக்கொண்ட முறை. இன்றும் வங்கிகளிலும் உங்கள் கைப்பேசியிலும் பயன்படுவது இதுவே. இந்த முறையை உடைத்துக்கொண்டு யாராவது உள்ளே வருவார்கள் என்று கவலைப்பட வேண்டாம். கவலையெல்லாம் சாவியைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

மகன் அந்தக் கணினியில் உங்கள் ஃபோல்டரைத் திறந்தால் என்ன தெரியும்? 'டேட்டா', 'இண்டெக்ஸ்', 'கீஸ்', 'ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற பெயரில் சில ஃபோல்டர்களும், அவற்றுக்குள் 64 எழுத்து–எண்கள் கலந்த நீளமான பெயர்களில் ஆயிரக்கணக்கான கோப்புகளும் தெரியும். உங்கள் கோப்புகளின் பெயரோ, எது படம் எது பத்திரம் என்பதோ தெரியாது. எந்த நாளில் எவ்வளவு அனுப்பினீர்கள் என்பது தெரியும். 'கீஸ்' ஃபோல்டரில் உள்ள கோப்பில் உங்கள் கணினியின் பெயரும் பயனர் பெயரும் மறையாக்கம் இல்லாமலே இருக்கும். அந்த அளவு வெளிப்படுவதில் உங்களுக்குத் தீங்கில்லை. ஆனால் எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது.

ஓசூர்ப் பக்கத்து வேலையை மகனிடம் விட்டுவிடலாம். பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, எஸ்.எஸ்.ஹெச். சேவையை, அதாவது தொலைவிலிருந்து பாதுகாப்பாக ஒரு கணினிக்குள் நுழையும் வழியை, இயக்கி, உங்களுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து, பாஸ்வேர்டு கொண்டு நுழைவதை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி அமைக்க வேண்டும். மின்தடை நீங்கியதும் கணினி தானே இயங்கத் தொடங்கும்படி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், ஒரு அமைப்பு இருக்கும். அதை மறந்தால் முதல் மின்வெட்டோடு பேக்கப் நின்றுவிடும். இன்னொரு தடையும் வரக்கூடும். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அழைக்க முடியாது. ரவுட்டருக்கு இணையத்தை நோக்கிய பக்கத்தில் உள்ள ஐ.பி. முகவரி (WAN) 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் உங்கள் மகனின் இணைப்பும் அந்த வகையே. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனி வலையில் இரண்டு கணினிகளையும் சேர்த்துவிட்டால், காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர்க் கணினி பக்கத்து அறையில் இருப்பதுபோல எட்டும்.

இல்லத்தரசி, தருமபுரி

கேள்வி: எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் கூகுளில் இருக்கின்றன. அவர்களே மறையாக்கம் செய்துதான் வைக்கிறார்கள் என்று என் தம்பி சொல்கிறான். பிறகு நான் எதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்?

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மைதான் அம்மா. படங்கள் போகும் வழியிலும், அவர்களுடைய டிஸ்கில் இருக்கும்போதும் மறையாக்கம் செய்யப்பட்டே இருக்கின்றன. ஆனால் சாதாரணக் கணக்குகளில் அதன் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டு யாரிடமாவது சிக்கினால் அவர் உங்களைப் போலவே உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். திருமணப் படங்களுக்கு அது பெரிய கேடில்லை என்று நீங்கள் கருதினால் அவற்றை அப்படியே விடலாம். ஆதார், பான், மருத்துவ அறிக்கை, வங்கிப் புத்தகத்தின் படம் ஆகியவற்றை மட்டும் கிரிப்டோமேட்டர் என்ற இலவச மென்பொருளால் பூட்டி அதே கூகுள் டிரைவில் வையுங்கள். அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, பெயரையும் சேர்த்து மறையாக்கம் செய்வதால் ஒன்றை மாற்றினால் அந்த ஒன்று மட்டுமே மறுபடி மேலே போகும்.

மறைவைவிட உங்களுக்கு நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது வேறு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மாமியாரின் பழைய கைப்பேசிக் கணக்கில் படங்கள் இருந்தால் இன்றே ஒரு முறை உள்நுழைந்து பாருங்கள். பெரிய நிறுவனத்தின் கட்டடமும் எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தபோது, அங்கே மட்டும் கோப்புகளை வைத்திருந்த பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கூகுளில் இருப்பதை ஒரு பிரதியாக மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்; இன்னொன்று உங்கள் பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

கல்லூரி மாணவர், பர்கூர்

கேள்வி: கோப்புகளை ஜிப் செய்து பாஸ்வேர்டு போட்டு மெயிலில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. ஜிப்பின் பழைய பாஸ்வேர்டு முறை 1994லேயே உடைக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் பல மென்பொருள்கள் இன்றும் அதையே முதல் தேர்வாக வைத்திருக்கின்றன. செவன்–ஜிப்பில் 7இசட் வகையையும் ஏ.இ.எஸ். 256 முறையையும் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தை டிக் செய்தால் அவசரத்துக்குப் பயன்படும். இ–ஆதார் பி.டி.எஃப்.க்கு ஏற்கெனவே பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு. உங்களை அறிந்த எவரும் அதை ஊகித்துவிடுவார்கள்.

தனியார் பள்ளி ஊழியர், பென்னாகரம்

கேள்வி: எங்கள் பக்கத்தில் இணைய வேகம் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான ஜி.பி.யை மேலே ஏற்றுவது நடக்கிற காரியமா?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காவேரிப்பட்டண ஆசிரியரின் 180 ஜி.பி.யை எடுத்துக்கொண்டால், அப்லோடு வேகம் 10 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 10 மெகாபிட்) கிடைத்தால் இடைவிடாமல் 40 மணி நேரம் ஆகும். 1 எம்.பி.பி.எஸ். என்றால் 400 மணி நேரம், ஏறக்குறைய 17 நாள். நாளைக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தில் மூன்று மாதம் பிடிக்கும், அதற்குள் உற்சாகமும் போய்விடும். ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பரத்தில் போடும் வேகம் பெரும்பாலும் டவுன்லோடு வேகமே. நமக்கு வேண்டிய அப்லோடு வேகத்தைத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வழி எளிது. முதல் பிரதியை இணையத்தில் அனுப்பவே வேண்டாம். வீட்டிலேயே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் ரெஸ்டிக்கின் களஞ்சியத்தை, அதாவது மறையாக்கம் செய்த துண்டுகள் சேரும் ஃபோல்டரை, உருவாக்கி, முழு பேக்கப்பையும் அதில் எடுத்து முடியுங்கள். பிறகு பண்டிகைக்கோ காதுகுத்துக்கோ உறவினர் ஊருக்குப் போகும்போது அந்த டிஸ்கைப் பையில் எடுத்துச் சென்று, அங்குள்ள கணினியில் அந்த ஃபோல்டரை அப்படியே பதிந்துவிட்டு வாருங்கள். அது ஏற்கெனவே மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால் பஸ்ஸில் டிஸ்க் தொலைந்தாலும் கோப்புகளை யாரும் படிக்க முடியாது. அதன் பின் வீட்டிலிருந்து தினமும் போக வேண்டியவை புதிய துண்டுகள் மட்டுமே. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது சில நிமிட வேலை. இரவில் தானாக நடக்கும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அமைத்துவிடலாம்.

வேராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளில், பல கோப்புகளை உள்ளே வைக்கும் ஒரு பெரிய பெட்டிக் கோப்பை உருவாக்கி அதை கிளவுடில் வைப்பவர்கள் பென்னாகரம் போன்ற இடங்களில் மிகவும் சிரமப்படுவார்கள். உள்ளே ஒரு படத்தை மாற்றினாலும் பல கிளவுட் செயலிகள் பெட்டி முழுவதையும் மறுபடி ஏற்றும். அதைவிடக் கேடு ஒன்று உண்டு. பெட்டியின் திருத்த நேரம் வெளியே மாறாதபடி வைத்திருப்பது வேராகிரிப்ட்டின் இயல்பு அமைப்பு. அதனால் மாற்றம் நடந்ததே சில பேக்கப் செயலிகளுக்குத் தெரியாது. பழைய பிரதியே மேலே இருக்க, புதியது இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

கேள்வி: மறையாக்கம் செய்த பேக்கப்பின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்க வழி உண்டா? தமிழிலேயே கடவுச்சொல் வைத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவிக்கு எப்படிக் கிடைக்கும்?

பதில்: மூன்றும் மிக அவசியமான கேள்விகள், மூன்றாவதைக் கேட்பவர்கள் அரிது.

மீட்க வழி இல்லை. "மறந்துவிட்டதா?" என்று கேட்டு மெயில் அனுப்பும் வசதி இருந்தால், உங்களைத் தவிர வேறொருவரிடமும் சாவி இருக்கிறது என்று பொருள். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. எனவே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வையுங்கள். எழுதவே கூடாது என்ற பழைய அறிவுரை, அலுவலக மேசையில் ஒட்டிவைப்பவர்களுக்குச் சொன்னது. வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கும் தாளை இணையத் திருடன் எடுக்க முடியாது. வீட்டுக்குள் புகுந்த திருடனுக்கு அது என்னவென்று தெரியாது.

தமிழ் எழுத்தில் கடவுச்சொல் வைக்கும் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் தமிழ் எழுத்து கணினிக்கு ஒன்றாக இருப்பதில்லை. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒற்றைக் குறியாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடே தெரியாது. 'மௌனம்' என்பதை ஔகாரக் குறியிட்டு எழுதுபவரும் உண்டு. கொம்பு போட்டு அருகில் 'ள' எழுத்தைத் தட்டி 'மெளனம்' என்று முடிப்பவரும் உண்டு. கைப்பேசியில் ஒரு விசைப்பலகையும் கணினியில் வேறொன்றும் பயன்படுத்தினால், சரியான சொல்லையே தட்டியும் "தவறான கடவுச்சொல்" என்று மென்பொருள் மறுக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து, புதிய கணினியில், பதற்றத்தில் இருக்கும் உங்கள் மனைவி இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் மட்டும் வையுங்கள்.

பாட்டு வரி, பழமொழி, பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும். 1995இல் ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு சொன்ன பகடை முறை இன்றும் மிகச் சிறந்தது. 7776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்து எண்கள் அதில் ஒரு சொல்லைக் காட்டும். இப்படி ஆறு சொற்களை எடுத்து வரிசையாக எழுதினால் அதுவே உங்கள் கடவுச்சொல். பிடிக்காத சொல் வந்தாலும் மாற்றாதீர்கள். நம் விருப்பம் நுழையும் இடத்தில் ஊகிக்க வழி பிறக்கிறது. ரெஸ்டிக்கில் சாவிக் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு வெளியூர்க் கணினியிலோ கிளவுடிலோ உள்ள களஞ்சியத்துக்குள்ளேயே இருப்பதால், இந்த ஆறு சொற்களே உங்கள் முழுப் பாதுகாப்பு. ஒரு வேளை கடவுச்சொல் வெளியே தெரிந்துவிட்டால் அதை மாற்றினால் மட்டும் போதாது. பழைய சாவிக் கோப்பை ஏற்கெனவே நகலெடுத்தவர் பழைய சொல்லைக் கொண்டே திறந்துவிடுவார். புதிய களஞ்சியமே தொடங்க வேண்டும்.

மனைவிக்காக இரண்டு உறைகள் தயார் செய்யுங்கள். ஒன்று பீரோவில், மற்றொன்று வங்கி லாக்கரிலோ மைத்துனர் வீட்டிலோ இருக்கட்டும். உள்ளே கடவுச்சொல் மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த மென்பொருள், பிரதி எந்தக் கணினியில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் நுழையும் பயனர் பெயர் என்ன, நுழைவதற்கான எஸ்.எஸ்.ஹெச். சாவிக் கோப்பு எந்தப் பென் டிரைவில் இருக்கிறது, உதவி கேட்கக்கூடிய உறவினர் யார் என்பதையும் எழுதுங்கள். ரெஸ்டிக்கில் ஒரே களஞ்சியத்துக்குப் பல கடவுச்சொற்கள் சேர்க்கலாம் என்பதால் மனைவிக்கென்று தனியாக ஒன்று அமைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. போர்க் பயன்படுத்துபவர்கள் சாவியைத் தங்கள் கணினியிலேயே வைக்கும் முறையைத் தேர்ந்திருந்தால், அந்தச் சாவியைத் தாளில் அச்சிட்டு உறையில் சேர்க்கத் தவறக் கூடாது. கணினி போனால் சாவியும் போய்விடும், கடவுச்சொல் மட்டும் கையில் இருந்து பயனில்லை.

ஸ்டுடியோ நடத்துபவர், அரூர்

கேள்வி: பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றில் வைரஸ் புகுந்து எல்லாப் படங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதாம். என் திருமண ஆல்பங்களின் பேக்கப் வெளியூர் சர்வரில் இருக்கிறது. அந்த வைரஸ் அதையும் அழிக்குமா?

பதில்: அமைப்பைப் பொறுத்தது. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வான்னாக்ரை முதல் இன்றுவரை இந்த வகைத் தீநிரல்கள் செய்வது ஒன்றே. கணினியில் நீங்கள் எதையெல்லாம் எழுதவும் அழிக்கவும் முடியுமோ அதையெல்லாம் அதுவும் எழுதும், அழிக்கும். சர்வர் ஒரு டிரைவாக உங்கள் கணினியில் இணைந்தே இருந்தால் அதுவும் போய்விடும். மாற்றத்தை உடனுக்குடன் அந்தப் பக்கமும் செய்யும் சிங்க் செயலிகளைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள். பாழான படத்தையே அவை நல்ல படத்தின் மேல் எழுதும்.

மனிதர் புகுந்தாலும் நிலைமை இதுவே. 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் நிர்வாகக் கணக்கு அந்நியர் கையில் சிக்கியது. கோப்புகளும் அவற்றின் பேக்கப்புகளும் அதே கணக்கின் கீழ் இருந்ததால் பெரும்பாலானவை அழிக்கப்பட்டு, நிறுவனமே மூடப்பட்டது. மறையாக்கம் படிக்கவிடாமல் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எனவே உங்கள் கணினிக்கு அந்தச் சர்வரில் புதியதைச் சேர்க்க மட்டும் அனுமதி இருக்க வேண்டும், பழையதை நீக்க அனுமதி இருக்கக் கூடாது. ரெஸ்டிக்குக்கென்று தனியாகக் கிடைக்கும் ரெஸ்ட்–சர்வர் என்ற மென்பொருளை 'அப்பெண்ட்–ஒன்லி' என்ற முறையில் இயக்கலாம். போர்க்கிலும் அதே பெயரில் வசதி உண்டு. வாடகைக் கிளவுடில் 'ஆப்ஜெக்ட் லாக்' என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட நாள் வரை எவராலும் நீக்க முடியாதபடி கோப்பைப் பூட்டும் வசதி அது. பழைய பிரதிகளைக் கழிக்கும் வேலையைச் சர்வரின் பக்கத்திலிருந்து, வேறொரு கணக்கில் மட்டும் செய்யுங்கள். கழிப்பதற்கு முன் அண்மைய பிரதிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் வழக்கத்துக்கு மாறாக, ஏறக்குறைய எல்லாக் கோப்புகளுமே புதியவை என்று மென்பொருள் சொன்னால் கழிக்கும் வேலையை உடனே நிறுத்துங்கள். தீநிரல் கோப்புகளைப் பூட்டத் தொடங்கியதன் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம்.

மணமக்கள் உங்களை நம்பி ஒப்படைத்த படங்கள் அவை. எனவே இவ்வளவு செய்த பிறகும், வாரம் ஒரு முறை செருகிப் பிரதி எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

மாம்பழக்கூழ் ஆலைக் கணக்கர், பாலக்கோடு

கேள்வி: ஓராண்டாக ரெஸ்டிக் பேக்கப் தினமும் ஓடுகிறது, பிழை எதுவும் காட்டவில்லை. அப்படியானால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அனுப்பும் பக்கம் சரியாக இருக்கிறது என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். திரும்ப வருகிறதா என்பது இன்னும் தெரியாது. 'செக்' என்ற கட்டளை களஞ்சியத்தின் அமைப்பைச் சோதிக்கும். 'ரீட்–டேட்டா' என்பதையும் அதனோடு சேர்த்தால் ஒவ்வொரு துண்டையும் படித்துப் பார்க்கும். உங்கள் இணைய வேகத்துக்கு முழுவதையும் ஒரே தடவையில் படிப்பது கடினம் என்றால், மாதம் ஒரு பகுதியாகச் சோதிக்கும்படி அமைக்கலாம்.

அதைவிட முக்கியமான சோதனையை உங்கள் கணினியில் செய்யக் கூடாது. மகளின் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள், உறையில் உள்ள தாளை மட்டும் அவரிடம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருங்கள். தாளில் எழுதியதைக் கொண்டு மென்பொருளை இறக்கி, சர்வரில் நுழைந்து, ஒரு பழைய தேதியின் பிரதியிலிருந்து ஒரு ஃபோல்டரை அவர் மீட்டெடுக்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளில் ஒரு வரி குறைகிறது; அதை உடனே சேர்த்து எழுதுங்கள். மீட்ட கோப்புகளில் கணக்குத் தாள் ஒன்றையும், தமிழ்ப் பெயர் கொண்ட ஒன்றையும் திறந்து பார்த்து அசலோடு ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை இப்படிச் செய்தால் போதும். உங்களுக்கு மாம்பழப் பருவம் தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

'செக்' ஏதாவது பிழை சொன்னால் பதறி எதையும் நீக்காதீர்கள், கழிக்கும் கட்டளையையும் ஓட்டாதீர்கள். முதலில் களஞ்சியத்தை அப்படியே வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு இரு பக்கத்துக் கணினிகளின் டிஸ்கையும் மெமரியையும் சோதியுங்கள். துண்டுகள் பழுதாவதற்கு அவையே பெரும்பாலும் காரணம். அசல் கோப்புகள் இன்னும் உங்கள் ஆலைக் கணினியில்தான் இருக்கின்றன என்பதால், அவற்றைக் கொண்டு புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, அது முழுமையாகச் சோதிக்கப்பட்ட பின்னரே பழையதை விடுங்கள்.